கையளவு ஹெலிகாப்டரா, 450 கிட்டா: முதல் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்

மின்மோட்டாரில் இயங்கும் சிறிய ரேடியோ கட்டுப்பாட்டு ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கிப் பழக வேண்டும் என்று முடிவு செய்தவர் பெரும்பாலும் இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில்தான் தயங்கி நிற்கிறார். ஒன்று, பெட்டியைத் திறந்து பேட்டரியைச் செருகியதும் பறந்துவிடும் கையளவு ஹெலிகாப்டர். மற்றொன்று, திருகு திருகாகக் கட்டி, சர்வோ (கட்டளைப்படி இணைப்புக் கம்பிகளைத் தள்ளி இழுக்கும் சிறு கருவி), கைரோ (இயந்திரத்தின் திரும்பலை உணர்ந்து திருத்தும் கருவி), மோட்டார் ஆகியவற்றைத் தனித்தனியே தேர்ந்து பொருத்தி, பல மாலைகள் உட்கார்ந்து அளந்து அமைத்த பிறகே தரையை விட்டு எழும் 450 வகைக் கிட். இரண்டையும் நான் வைத்திருக்கிறேன். இரண்டும் என் கையில் விழுந்து உடைந்தும் இருக்கின்றன. விழாத ஹெலிகாப்டர் கிடையாது என்பதால், விழுந்த பிறகு எந்த இயந்திரத்தை நம் கையாலேயே பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும் என்பதையே தேர்வுக்கான முதல் கேள்வியாக வைத்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

ஒப்பீட்டுக்குள் வராதவற்றை முதலில் விலக்கிவிடலாம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டர்கள் எதிரெதிர்த் திசையில் சுழலும் கூட்டச்சு ஹெலிகாப்டர்கள் வரவேற்பறைக்குள் பறக்க நன்றாக இருக்கும். ஆனால் அவை தாமாகவே நிலைகொள்வதால், அவற்றில் பெற்ற பழக்கம் அடுத்த இயந்திரத்துக்கு அதிகம் உதவுவதில்லை. பிளேடின் கோணம் மாறாமல், மோட்டாரின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து ஏறி இறங்கும் வகை அதைவிட ஒரு படி மேல். திசையுணர்வைப் பழக அது போதும். காற்று அடித்தால் திணறும். இங்கே நான் பேசுவது பிளேடின் கோணத்தையே மாற்றிப் பறக்கும் வகையைப் பற்றி மட்டும். முழு அளவு ஹெலிகாப்டர் இயங்கும் முறையும் அதுதான்: ரோட்டர் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்க, பிளேடுகள் கூடுதலாகச் சாயும்போது இயந்திரம் ஏறும், குறைவாகச் சாயும்போது இறங்கும்.

கையளவு வகைக்கு எடுத்துக்காட்டாக ஓம்ப்ஹாபி நிறுவனத்தின் எம்1, எக்ஸ்கே நிறுவனத்தின் கே110 ஆகியவற்றைச் சொல்லலாம். எம்1இன் பிளேடு ஒவ்வொன்றும் 125 மில்லிமீட்டர். பேட்டரியோடு சேர்த்தும் எடை 250 கிராமுக்கு வெகு கீழே. அதன் முதன்மை ரோட்டரும் வால் விசிறியும் தத்தம் மோட்டாரால் நேரடியாகச் சுழல்வதால் இடையில் பற்சக்கரமோ பெல்ட்டோ கிடையாது. கே110 இன்னும் சிறியது. ஒரே செல் பேட்டரியில் இயங்கும். தொழிற்சாலையிலேயே சர்வோக்கள் நடுநிலைப்படுத்தப்பட்டு, கைரோவின் மதிப்புகள் ஏற்றப்பட்டு வருவதால், வாங்கியவர் செய்ய வேண்டிய அமைப்பு வேலை ரிமோட்டோடு இணைப்பதும் சிறு திருத்தங்கள் செய்வதும் மட்டுமே. விரல்களும் கண்ணும் பழக இதைவிட நல்ல கருவி இல்லை என்று தயங்காமல் சொல்வேன். புல்தரையில் விழுந்தால் பெரும்பாலும் எடுத்து, துடைத்து, மறுபடி பறக்கவிடலாம். எடை குறைவாக இருப்பதால் விழும் வேகத்தில் உள்ள ஆற்றலும் குறைவு.

450 வகை வேறு தளத்தில் நிற்கிறது. தைவானின் அலைன் நிறுவனம் 2000களின் நடுப்பகுதியில் டி-ரெக்ஸ் 450 என்ற பெயரில் கொண்டுவந்த ஹெலிகாப்டர் அந்த அளவையே ஒரு தரமாக்கிவிட்டது. டேரட் போன்ற பிற நிறுவனங்களும் அதே அளவில் பாகங்கள் செய்ததால், ஒரு நிறுவனத்தின் முதன்மைத் தண்டை இன்னொன்றின் சட்டகத்தில் பொருத்தும் வசதி பல இடங்களில் கிடைத்தது. பிளேடின் நீளம் 325 மில்லிமீட்டர், ரோட்டரின் விட்டம் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர், மூன்று செல் 2200 மில்லியாம்ப்-மணி லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, பறக்கும் எடை ஏறத்தாழ 800 கிராம். காற்று சற்று அடித்தாலும் கையளவு வகையைப் போல் அலைக்கழியாது. முப்பது மீட்டர் தொலைவில் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். திசை தெரியாமல் போவதுதான் புதியவரின் ஹெலிகாப்டர் விழுவதற்கு முதன்மையான காரணம் என்பதால் இது சிறிய நன்மை அல்ல.

அதே அளவுதான் அதன் ஆபத்தும். ரோட்டர் நிமிடத்துக்கு 2700 முறை சுழல்வதாக வைத்துக்கொண்டால், 35.5 சென்டிமீட்டர் ஆரத்தில் இருக்கும் பிளேடின் நுனி நொடிக்கு 100 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 360 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. இதைவிடப் பெரிய வகை மாடல் ஹெலிகாப்டரின் பிளேடு பட்டு 2013இல் நியூயார்க்கில் அதை இயக்கிக்கொண்டிருந்த இளைஞரே உயிரிழந்தார். 450 அந்த அளவுக்குப் பெரியதல்ல என்றாலும், எலும்பை முறிக்கவும் கண்ணைப் பறிக்கவும் அதற்கு வலு உண்டு. வீட்டுக்குள்ளும், மாடியிலும், பிள்ளைகள் விளையாடும் தெருவிலும் இதை எழுப்பவே கூடாது. அருகில் திறந்த வெளி இல்லாதவர் இந்த ஒரு காரணத்துக்காகவே கையளவு வகையைத் தேர்ந்தால் அது சரியான முடிவு. அவர் இந்தக் கட்டுரையின் மீதியைப் படித்துத் தன் மனத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

இடம் இருக்கிறது என்றால், கட்டும் வேலையைப் பார்ப்போம். 450 கிட்டைக் கட்டுவதில் கடினமான செயல் என்று எதுவுமில்லை. விட்டுவிடக் கூடாத செயல்கள் நிறைய உண்டு. உலோகத்துக்குள் உலோகம் இறங்கும் ஒவ்வொரு திருகையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, திருகுப் பூட்டுப் பசை ஒரு துளி இட்டுப் பூட்ட வேண்டும். பிளாஸ்டிக்குக்குள் இறங்கும் திருகுக்கு அந்தப் பசை ஆகாது, பிளாஸ்டிக்கை அது விரிசல் விடச் செய்துவிடும். கிட்டில் முன்கூட்டியே பூட்டி வரும் ரோட்டரின் தலைப்பகுதியையும் பிரித்துப் பார்த்துப் பசை இட்டு மறுபடி பூட்டுவதே பாதுகாப்பு. பிளேடைப் பிடிக்கும் பிடிகளுக்குள், சுழற்சியின் வெளிநோக்கிய இழுவிசையைத் தாங்க இருக்கும் உந்து பேரிங்கின் இரண்டு வளையங்களும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒன்றின் உள்விட்டம் சற்றுப் பெரியது. பெரிய துளையுள்ள வளையம் ரோட்டரின் மையத்தை நோக்கியும், சிறிய துளையுள்ளது வெளித்திருகை நோக்கியும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கையால் சுற்றும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். சுழற்சியின் இழுவிசை ஏறியதும் பிடிகள் இறுகி, சர்வோக்கள் திணறத் தொடங்கும்.

முதன்முறை கட்டியபோது எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வால் விசிறியின் கோணத்தை மாற்றும் நெம்புகோலில் ஒரு சிறு பந்துமூட்டு, இரண்டு மில்லிமீட்டர் திருகால் பிடிக்கப்பட்டிருக்கிறது. இரவு நேரமாகிவிட்டதால் அதைப் பசையில்லாமல் பூட்டி, மறுநாள் பசை இடுவதாக எண்ணி, மறந்துவிட்டேன். நான்காவது பறப்பில், மூன்று மீட்டர் உயரத்தில், அந்தத் திருகு கழன்றது. வால் கட்டுப்பாடு போனதும் இயந்திரம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு காய்ந்த ஏரியின் மண்ணில் விழுந்தது. பிளேடு இரண்டும், வாலின் அலுமினியக் குழாயும், ரோட்டர் மையத்தினூடே ஓடும் குறுக்குத் தண்டும், முதன்மைத் தண்டும், பெரிய பற்சக்கரமும் போயின. இத்தனையையும் மாற்ற எனக்கு இரண்டு மாலைகள் போதுமாக இருந்தன, ஏனெனில் ஒவ்வொன்றையும் சில வாரங்களுக்கு முன்புதான் என் கையால் பூட்டியிருந்தேன். எந்தத் திருகு எதைப் பிடித்திருக்கிறது என்று கை அறிந்திருந்தது.

இதன் எதிர்ப்பக்கம் கையளவு இயந்திரத்தில் நடந்தது. சிமெண்டுத் தரையில் தாழ்வான உயரத்திலிருந்து விழுந்த பிறகு அது ரிமோட்டோடு இணைய மறுத்தது. ரிசீவர், கைரோ, வேகக் கட்டுப்பாடு மூன்றும் ஒரே பலகையில் அடங்கியிருந்ததால், மூன்றில் எது பழுது என்று அறியவும் வழியில்லை, ஒன்றை மட்டும் மாற்றவும் வழியில்லை. பலகையையே மாற்ற வேண்டியதாயிற்று. புதிய பலகை வந்துசேரும்வரை வாரக்கணக்கில் அது அலமாரியில் இருந்தது. சிறு விபத்துகளில் கையளவு வகை எவ்வளவு பொறுத்துக்கொள்கிறதோ, அந்தப் பொறுமையின் எல்லை தாண்டியதும் அவ்வளவுக்கு நம்மைக் கைவிரிக்க வைக்கிறது. 450இல் சிறு விபத்துக்கும் செலவு உண்டு, ஆனால் எந்த விபத்துக்குப் பிறகும் எங்கே தொடங்குவது என்று தெரியும். புதியவர் முதல் மாதங்களில் கார்பன் பிளேடுக்குப் பதிலாக மரப் பிளேடு போட்டுப் பழகினால் அந்தச் செலவும் குறைகிறது, ஏனெனில் மரம் எளிதில் முறிந்து அடியின் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும்.

450 என்று முடிவு செய்தவருக்கு உள்ளே இன்னும் இரண்டு தேர்வுகள் காத்திருக்கின்றன. முதலாவது, நிலைப்படுத்தும் குறுக்குக் கம்பி உள்ள தலையா, இல்லாத தலையா என்பது. முழு அளவு ஹெலிகாப்டர்களில், பெல் நிறுவனத்துக்காக ஆர்தர் யங் உருவாக்கிய எடைக் கம்பியும், ஸ்டான்லி ஹில்லர் பயன்படுத்திய சிறு துடுப்புகளும் சேர்ந்த கலவைதான் பழைய மாடல்களின் தலையில் இருந்தது. பிளேடுகளுக்குச் செங்குத்தாகச் சுழலும் அந்தத் துடுப்புகள் கைரோவைப் போல் இயங்கி, காற்றின் தள்ளுதலை இயந்திர முறையிலேயே அடக்கின. பிறகு உணரிகள் மலிவாகி, மூன்று அச்சுக் கைரோ ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கியதும், கம்பியையும் அதைச் சார்ந்த கைகள், நெம்புகோல்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு, சர்வோக்களை நேராகப் பிளேடுகளோடு இணைக்கும் முறை வந்தது. மிகாடோவின் விபார், பீஸ்டெக்ஸின் மைக்ரோபீஸ்ட் ஆகியவை இந்த முறையைப் பரவலாக்கிய கருவிகளில் முக்கியமானவை.

குறுக்குக் கம்பித் தலையின் சிறப்பு, எல்லாம் கண்ணுக்குத் தெரிவது. பறப்பில் கோளாறு இருந்தால் அது வளைந்த தண்டாகவோ, நீளம் தவறிய இணைப்பாகவோ இருக்கும், அளந்தால் பிடிபடும். ஆனால் விழும்போது முதலில் வளைவது அந்தக் கம்பிதான், அதை ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் ஒரே நீளத்தில் இருக்கும்படி அமைத்து, துடுப்புகளை ஒரே தளத்தில் திருப்ப வேண்டும். கம்பியில்லாத தலையில் பாகங்கள் குறைவு, துடுப்புகளின் காற்றிழுப்பு இல்லாததால் பேட்டரியும் சற்றுக் கூடுதல் நேரம் வரும். இதற்கு விலை இரண்டு வடிவில் கொடுக்க வேண்டும். கைரோ நொடிதோறும் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டே இருப்பதால் சர்வோக்கள் வேகமானவையாகவும் வலுவானவையாகவும் இருந்தாக வேண்டும். அவை இழுக்கும் மின்னோட்டத்தை வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் இருக்கும் மின்வழங்கி தாங்க வேண்டும், இல்லையென்றால் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து ரிசீவர் நடுவானில் மறுதொடக்கம் ஆகிவிடும். அதிர்வும் பெரும் பகை. வளைந்த தண்டு ஒன்று தரும் நுண்ணிய அதிர்வைக்கூட உணரி நகர்வாக எண்ணி, இல்லாத சாய்வைத் திருத்த முற்படும்.

என் பரிந்துரை கம்பியில்லாத தலைதான். பழைய முறையில் கற்றவர்கள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள் என்பதும், இயந்திரத்தின் உயிரைப் புரிந்துகொள்ளக் கம்பித் தலையே நல்லது என்று அவர்கள் வாதிடுவதும் எனக்குத் தெரியும். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. இருந்தாலும் விழுந்த பிறகு மறுபடி அமைக்க வேண்டிய பாகங்கள் குறைவாக இருப்பது, முதல் ஆண்டில் வேறெந்த நன்மையையும்விடப் பெரியது.

இரண்டாவது தேர்வு வாலைப் பற்றியது. முதன்மைத் தண்டிலிருந்து வால் விசிறிக்கு விசையைக் கொண்டுசெல்வது பற்கள் உள்ள ரப்பர் பெல்ட்டா, குழாய்க்குள் ஓடும் நீண்ட தண்டா? தண்டு முறையில் விசை இழப்பும் தளர்வும் குறைவு, வால் கூர்மையாக நிற்கும். ஆனால் வால் பிளேடு புல்லில் உரசினாலே அதன் இரு முனைகளிலும் உள்ள சிறு கூம்புப் பற்சக்கரங்கள் பல் இழந்துவிடலாம். பெல்ட் அதே அடியில் ஒரு பல் வழுக்கித் தப்பிக்கும். பெல்ட்டுக்கு வேறு இரண்டு கவனங்கள் வேண்டும். குழாய்க்குள் செருகும்போது அதை 90 டிகிரி எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதைப் பொறுத்து வால் விசிறியின் சுழல்திசை அமையும். கட்டிமுடித்ததும் ரோட்டரைக் கையால் சுற்றி, விசிறி கையேட்டில் காட்டிய திசையில் சுழல்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வறண்ட காலத்தில் ஓடும் பெல்ட் நிலைமின்னேற்றத்தைத் திரட்டி, அது கைரோவின் வழியாக வெளியேறும்போது வால் திடீரென்று துடிக்கும். குழாயையும் மோட்டாரின் உலோக உடலையும் மெல்லிய கம்பியால் இணைத்துவிடுவது அதற்கு எளிய தீர்வு. இந்த இரண்டையும் கவனிக்கத் தயாராக உள்ள புதியவருக்குப் பெல்ட்டே ஏற்றது.

மோட்டாரையும் சிறு பற்சக்கரத்தையும் தேர்வதில் பலர் பிறர் சொன்னதை அப்படியே வாங்கிவிடுகிறார்கள். ஒரு சிறு கணக்கு போட்டால் தாமே முடிவு செய்யலாம். மோட்டார் ஒரு வோல்ட்டுக்கு 3500 சுற்று என்றும், மூன்று செல் பேட்டரி 11.1 வோல்ட் என்றும் கொண்டால், சுமையில்லாத வேகம் நிமிடத்துக்கு 38,850 சுற்று. மோட்டாரில் 13 பல் சக்கரமும் முதன்மைத் தண்டில் 150 பல் சக்கரமும் இருந்தால் ரோட்டரின் வேகம் 3367 ஆகும். உண்மையில் சுமையிலும் உராய்விலும் ஏறக்குறைய 15 விழுக்காடு குறைந்து, 2860க்கு அருகில் நிற்கும். வித்தை காட்டிப் பறப்பவருக்கு அது சரி. நிலையாக நிறுத்திப் பழகுபவருக்கு 11 பல் சக்கரம் போட்டு 2400 அளவில் வைத்தால் இயந்திரம் அமைதியாகவும் பேட்டரி நெடுநேரமும் இருக்கும். இரண்டு சக்கரங்களின் பற்களும் பொருந்தும் இடைவெளியை, அவற்றுக்கு நடுவில் ஒரு தாள் துண்டைக் கொடுத்து இறுக்கி, பிறகு தாளை உருவி எடுத்து அமைப்பது பழைய முறை. இன்றுவரை அதைவிடச் சிறந்ததை நான் காணவில்லை. கையளவு வகையில் இந்தக் கணக்கு எதுவும் நம் கையில் இல்லை, தொழிற்சாலை கொடுத்ததே வேகம்.

இனி அமைத்தல். இங்கேதான் இரண்டு வழிகளும் வெகுவாகப் பிரிகின்றன, நானும் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். வேலையைத் தொடங்கும் முன் மோட்டாரின் மூன்று கம்பிகளில் இரண்டையாவது கழற்றிவிட வேண்டும். மேசைமேல் இருக்கும் இயந்திரம் தவறுதலாகச் சுழன்றால் நேரும் காயம் பறப்பில் நேர்வதைவிட மோசமாக இருக்கும், ஏனெனில் நம் முகம் அதற்கு மிக அருகில் இருக்கிறது. பிறகு சர்வோக்களின் கைகளைக் கழற்றி, மின்சாரம் கொடுத்து, ரிமோட்டில் திருத்த மதிப்புகள் எல்லாம் சுழியமாக இருக்கும் நிலையில், கையை இணைப்புக் கம்பிக்குச் செங்குத்தாகப் பொருத்த வேண்டும். ஒரு பல் முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தும் மிகச்சரியாக வராதபோது மட்டும் சிறு மின்னணுத் திருத்தம் கொடுக்கலாம். அடுத்து, 120 டிகிரி இடைவெளியில் மூன்று சர்வோக்கள் தாங்கும் ஸ்வாஷ்பிளேட்டை (சர்வோக்களின் நகர்வைச் சுழலும் பிளேடுகளுக்குக் கடத்தும் தட்டை), முதன்மைத் தண்டுக்குச் செங்குத்தாக இருக்கும்படி இணைப்புக் கம்பிகளின் நீளத்தை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி அமைக்க வேண்டும். தண்டில் செருகும் சமப்படுத்தும் கருவி ஒன்று இதற்குண்டு, அதை வாங்காமல் கண்ணளவில் செய்பவர் பின்னால் வருந்துவார்.

ரிமோட்டில் ஏற்றி இறக்கும் குச்சி நடுவில் இருக்கும்போது பிளேடின் கோணம் சுழியம். இதைக் கோண அளவியால் அளந்து உறுதி செய்த பிறகு, இரு எல்லைகளிலும் கூட்டல் 11, கழித்தல் 11 டிகிரி வருமாறும், பக்கவாட்டுச் சாய்வுக்குக் கைரோவின் கையேடு கேட்கும் 6 முதல் 8 டிகிரி வருமாறும் அமைக்கிறோம். பழகுபவருக்குக் கழித்தல் 11 எதற்கு என்ற கேள்வி இங்கே எழும், அது நியாயமான கேள்வி. அவருக்குக் கழித்தல் 3 முதல் கூட்டல் 9 வரை போதும், நடுக்குச்சியில் 5 டிகிரி இருந்தால் இயந்திரம் அங்கேயே மிதக்கும். ஆனால் அந்தக் குறைப்பை ரிமோட்டின் கோண வளைகோட்டில், அதாவது குச்சியின் எந்த நிலைக்கு எந்தக் கோணம் என்ற பதிவில், செய்ய வேண்டும். இயந்திர அமைப்பைச் சாய்த்துச் செய்யக் கூடாது. அப்படிச் சாய்த்தவர் ஓராண்டு கழித்துத் தலைகீழாகப் பறக்க விரும்பும்போது ஒவ்வொரு இணைப்பையும் மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.

கைரோவின் திசைச் சோதனையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. இயந்திரத்தைக் கையில் பிடித்து மூக்கை முன்னால் சாய்த்தால், ஸ்வாஷ்பிளேட் அதை எதிர்த்துப் பின்னால் சாய வேண்டும். மூக்கை இடப்பக்கம் திருப்பினால், நாம் வலப்பக்கம் திருப்பக் கட்டளை கொடுத்ததுபோல் வால் சர்வோ நகர வேண்டும். ஏதேனும் ஒன்று தலைகீழாக இருந்தால், கைரோ தவறைத் திருத்துவதற்குப் பதிலாகப் பெருக்கும். அரை நொடியில் இயந்திரம் கவிழ்ந்துவிடும். ரிமோட்டின் தொடர்பு அறுந்தால் மோட்டார் நின்றுவிடும்படி ரிசீவரில் பதிவதும், மோட்டாரை உடனே நிறுத்தும் சுவிட்சை விரல் தானாகத் தேடிப்போகும் இடத்தில் வைப்பதும் இதே அளவுக்கு முக்கியம். கையளவு வகையில் இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை முடிந்தே வருகின்றன. அது வசதிதான். ஆனால் ஒருநாள் அது ஒரு பக்கமாக இழுத்துப் பறக்கத் தொடங்கும்போது, எந்த நிலை சரியான நிலை என்று தெரியாதவர் ரிமோட்டின் திருத்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது.

பேட்டரியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அளவு மட்டுமே, விதிகள் ஒன்றுதான். செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, வைத்திருக்கும்போது 3.8 வோல்ட், கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் மீதம் விட வேண்டும். 2200 பேட்டரியில் ஐந்தில் நான்கு பங்கு 1.76 ஆம்பியர்-மணி, சராசரியாக 15 ஆம்பியர் இழுத்தால் ஏழு நிமிடம் கிடைக்கும், நேரங்காட்டியை ஐந்தரையில் வைப்பது நல்லது. 2.2 ஆம்பியரில் செல்களைச் சமன்செய்து ஏற்றும் சார்ஜர் 450க்குக் கட்டாயம், அதன் விலையையும் கிட்டின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்த லைப்போவையும் விட்டுச்செல்லாதீர்கள்.

இந்தியாவில் இருப்பவர் சட்டத்தையும் ஒப்பிட வேண்டும். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் ரோட்டரால் பறக்கும் ஆளில்லா வானூர்திகளையும் உள்ளடக்கியவை. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ என்று அவை பிரிக்கின்றன. ஆகவே எம்1 போன்றது நானோ, 450 மைக்ரோ. வணிக நோக்கமில்லாமல் பறக்கவிடும் வரையில் இரண்டுக்குமே பறக்கவிடுபவருக்கான சான்றிதழ் தேவையில்லை. ஆனால் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள தடைகள் எடையைப் பார்ப்பதில்லை, பறக்கும் இடம் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதை ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் பார்த்துவிட்டே செல்ல வேண்டும். 2022 பிப்ரவரியில் வந்த அறிவிப்பு, ட்ரோன்களை முழுதாகவும் பிரித்த கிட்டாகவும் இறக்குமதி செய்வதைச் சில விலக்குகளோடு தடைசெய்தது; உதிரி பாகங்களை அது தடுக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து தருவிக்க எண்ணுபவர் இதை மனத்தில் கொண்டே முடிவெடுக்க வேண்டும்.

இதனால் பலர் மூன்றாவது வழியாக, ஒருவர் பறக்கவிட்டு ஒதுக்கிய பழைய 450ஐ வாங்குகிறார்கள். நான் அதற்கு எதிரானவன் அல்லன், ஒரு நிபந்தனை உண்டு: வாங்கியதும் பறக்கவிடாமல், அதைக் கடைசித் திருகு வரை பிரித்து, தண்டுகளைக் கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டி வளைவு பார்த்து, பேரிங்குகளை விரலால் சுற்றிக் கரகரப்பு பார்த்து, கிட்டாகவே எண்ணி மறுபடி கட்ட வேண்டும். அப்படிச் செய்ய மனமில்லாதவருக்குப் பழைய இயந்திரம் மற்றவரின் மறதியை விலை கொடுத்து வாங்குவதாகவே முடியும்.

என்னிடம் நேரில் கேட்பவருக்கு நான் சொல்வது இதுதான். வாரத்தில் அரைமணி நேரமே கிடைக்கிறது, திருப்புளியைக் கையில் எடுக்கும் ஆர்வமில்லை என்றால் கையளவு வகை. அதில் பறந்த நிறைவு கிடைக்கும், அது குறைந்த நிறைவு அல்ல. கட்டுவதில் ஆசை இருப்பவருக்கு, கம்பியில்லாத தலையும் பெல்ட் வாலும் கொண்ட 450 கிட், 11 பல் சக்கரம், மரப் பிளேடு, நான்கு பந்துகள் கோத்த பயிற்சிக் கால்கள். கையில் பணம் மிஞ்சினால் அதை இன்னும் நல்ல சர்வோக்களுக்குச் செலவிடலாம். அழகான மேல்மூடிக்கு அல்ல. எந்த வழியில் சென்றாலும் கோண வளைகோடு, வேக வளைகோடு, ஸ்வாஷ்பிளேட் கலப்பு (மூன்று சர்வோக்களையும் சேர்த்து இயக்கும் ஏற்பாடு) ஆகியவற்றை அமைக்கக்கூடிய ஒரே நல்ல ரிமோட்டை முதலிலேயே வாங்கி, அதைக் கணினியோடு இணைத்து, ரியல்ஃப்ளைட் போன்ற சிமுலேட்டரில் ஒரு மாதமாவது வாலைத் தன் பக்கம் வைத்து நிறுத்திப் பழக வேண்டும். கிட்டைக் கட்டும் வாரங்களையே இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கட்டி முடித்த அன்றே திடலுக்குப் போக வேண்டாம். பிளேடுகளைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தைத் தரையில் உறுதியாகப் பிடித்துக்கொண்டு மோட்டாரைச் சுழற்றி, அதிர்வு இருக்கிறதா, பற்சக்கரம் சீராக முனகுகிறதா என்று கேளுங்கள். பிறகு இரண்டு பிளேடுகளையும் எடையிலும் ஈர்ப்பு மையத்திலும் சமன்செய்து, ஒன்றின் நுனியில் வண்ண நாடா ஒட்டிப் பொருத்துங்கள். மறுநாள் காற்று எழும் முன், விடிந்தும் விடியாத நேரத்தில், பத்து மீட்டர் தள்ளி நின்று, தரையை விட்டு எழாத அளவுக்கு மட்டும் வேகம் கொடுத்து, துணைக்கு வந்தவரையும் உங்களுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு, ரோட்டரின் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். நாடா ஒட்டிய பிளேடு மற்றதைவிட உயர்ந்து ஓடினால், மோட்டாரை நிறுத்தி, அதன் கோணம் குறையும் பக்கமாக இணைப்புக் கம்பியை ஒரு சுற்றுத் திருப்பி, மறுபடி சுழற்றுங்கள். இரண்டு விளிம்புகளும் ஒரே கோடாகத் தெரிந்த பிறகு குச்சியை மேலே தள்ளலாம்.